மூன்று மணித் தலை எண்ணிக்கை

ஜுபைல் கேம்பில் நவரத்தினத்தைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. டைம்கீப்பர் வேலை பார்க்கிற ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்ல முடிகிறதென்றால், அவர் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவரும் பார்க்கவில்லைதான்.

யாழ்ப்பாணத்தில் அளவெட்டி அவருக்கு ஊர். அரசாங்க உத்தியோகத்துக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதினார். இரண்டு தடவையும் சிங்களப் பாடத்தில் கவிழ்ந்து, இந்த நாட்டில் எனக்கு நாற்காலி இல்லை என்று தெரிந்துகொண்டு எழுபத்தொன்பதில் சவூதிக்கு வந்தார். குட்டையான ஆள். முப்பத்தாறு வயதுக்குள் முன் மண்டை வழுக்கை, தடித்த கண்ணாடி. பெட்ரோகெமிக்கல் தொழிற்சாலை கட்டுகிற இடத்தில், மண்காற்றுக்கு நடுவே, தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருகிற மனிதர் அவர் ஒருவர்தான். பையில் இரண்டு பேனா இருக்கும். நீலத்தில் எழுதுவார், சிவப்பில் அடிக்கோடு போடுவார். கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

சைட் வாசலில் இருக்கும் தகரக் கேபின் அவருடைய ஆபீஸ். உள்ளே வருகிறவன் தன் அட்டையை மணிப்பொறியில் செருகி அடித்துவிட்டுப் போக வேண்டும். அது போதாதென்று, தினமும் மூன்று மணிக்கு நவரத்தினம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சைட் முழுக்க நடந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்து எழுத வேண்டும். தலை எண்ணிக்கை என்று அதற்குப் பேர். எண்ணப்பட்டது எந்தத் தலை என்பதில்தான் விவகாரம்.

கேம்பில் 'ஆள்மாத்து' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் கம்பெனி டாக்டரிடம் போகமாட்டான். மூன்று நாளுக்கு மேல் படுத்தால் 'அன்ஃபிட்' என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வேறு ஷிஃப்ட்காரன் ஒருவன் இவன் அட்டையை எடுத்து அடித்து, இவன் பேரில் இவன் வேலையைச் செய்துவிட்டு வருவான். பிறகு அவனுக்கு முடியாதபோது இவன் போவான். வாசலில் நிற்கிற காவல்காரனுக்கும் ஃபோர்மேனுக்கும் இது ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர்களுக்கு எல்லாரும் 'ஹிந்தி', அதாவது இந்தியன். இலங்கைக்காரனும் ஹிந்தி, இராமநாதபுரத்துக்காரனும் ஹிந்தி. கறுப்பு முகம், நீல ஓவரால். அதற்கு மேல் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

"கறுப்பாப் பொறந்ததுக்குக் கடவுள் குடுத்த போனஸ்ணே இது" என்பான் வேலுச்சாமி. கேம்பே சிரிக்கும்.

வேலுச்சாமி முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். நெட்டையாக, தலை நிறைய முடியோடு, முப்பது வயது. மெயின்டனன்ஸ் கேங்கில் இருந்தான். எஞ்சினியர்களின் வீடுகளுக்குப் போய் ஏசி ஃபில்டர் கழுவி மாட்டுவது வேலை. காவல்காரனைப் போல் நடந்துகாட்டி, ஒரே ஆளை மூன்று பேர் சொல்லிக் கூப்பிடுவது அவனுடைய பெரிய நாடகம். நவரத்தினமும் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு, வந்தவன் ஒருவனும் எழுதுகிற பேர் ஒன்றுமாகப் பதிவேட்டை நிரப்பியிருக்கிறார். ஏழை பாழைகள் பிழைத்துப் போகட்டுமே என்பது அவர் எண்ணம். முகத்தைப் பார்க்காதவனை முகத்தை வைத்தே ஏமாற்றுவதில் அவருக்குக் கொஞ்சம் குரூர சந்தோஷமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தைந்து பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. மெயின்டனன்ஸ்காரர்களுக்கு அன்று அரை நாள். வேலுச்சாமி மதியத்தோடு தன் அட்டையை அடித்துவிட்டு வெளியே போனான். கால் மணி நேரத்தில் ரெங்கராஜின் அட்டையை அடித்துக்கொண்டு உள்ளே வந்தான். துறையூர்க்காரன் ரெங்கராஜுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். காமாலையோடு ரூமில் சுருண்டு கிடந்தான்.

மூன்று மணிக்கு நவரத்தினம் பைப் கேங்கிடம் போனபோது வேலுச்சாமி இரும்புச் சட்டத்தின் மேல் ஸ்பானரோடு நின்றுகொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

"ரெங்கராஜ் பிரசன்ட் சார்!"

"கீழ பாத்து நில்லும், விழுந்திடுவீர்" என்றார் நவரத்தினம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. 417, ரெங்கராஜ், ஆஜர் என்று அழகாக எழுதி அடுத்த ஆளிடம் போனார்.

அதே மூன்று மணி சுமாருக்கு, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரின் வீட்டில் சமையலறை மேடையில் கழற்றி வைத்த தங்கக் கைச்செயின் காணாமல் போனது. எஞ்சினியரின் மனைவி படுக்கையறையிலிருந்து வந்தபோது, நீல ஓவரால் போட்ட ஒருவன் பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்தாள். முதுகையும் பாதிக் கன்னத்தையும் பார்த்தாளாம். கறுப்பு ஆள் என்று போலீஸில் சொன்னாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கேம்புக்கு போலீஸ் வந்தது. கடைசியாக அந்த வீட்டில் ஏசி கழுவப் போன ஆறு பேரையும் மெஸ்ஸுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். பேர் வாசித்து நிறுத்துவது யார் வேலை? டைம்கீப்பர் வேலை. நவரத்தினம் பதிவேட்டைப் பார்த்து வாசித்தார். ஆறு பேரும் வந்து நின்றார்கள்.

எஞ்சினியரின் மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள். கார் வரிசைக்கு முன்னால் மெல்ல ஊர்ந்தது. ஜன்னல் மூடியே இருந்தது. நாலாவது ஆளுக்கு நேரே வந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது. அவ்வளவுதான். வேலுச்சாமி போன வாரம் அவள் வீட்டு வரவேற்பறையில் ஏணி போட்டு அரை மணி நேரம் நின்றவன். பார்த்த முகமாகத்தானே இருக்கும். எங்கே பார்த்தோம் என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

விலங்கு மாட்டும்போது வேலுச்சாமி நவரத்தினத்தைப் பார்த்தான். நவரத்தினம் வாயைத் திறக்கப் போனார். வேலுச்சாமி வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தான். நவரத்தினம் வாயை மூடிக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார்.

அவருக்கு வாய் மூடுவது புதிதில்லை.

அதற்கு ஆறு மாதம் முன்பு லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஒரு விடிகாலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டுபோய், ஒரு ஜீப்புக்கு முன்னால் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று அவனுக்குப் பேர். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்கிறவன் கதை முடிந்தது. நவரத்தினமும் தம்பி மகேசனும் தோளோடு தோள் நடந்தார்கள். சாக்குத் தலை ஆடியது. யாருக்கு ஆடியது? இருவரும் அருகருகே நின்றார்கள். சிப்பாய் மகேசனின் சட்டைக் கொலரைப் பிடித்தான். மகேசன் முதல்நாள் முழுக்க வீட்டில் அண்ணனோடு சேர்ந்து அவருடைய பயணப் பெட்டிக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். அதைச் சொல்லியிருக்கலாம். நவரத்தினத்தின் பையில் சவூதிக்குத் திரும்புகிற டிக்கெட் இருந்தது. அவர் சொல்லவில்லை. தம்பியைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்வி. அம்மா யோகம்மா மாதம் தவறாமல் எழுதுவாள்: மகேசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, நீ கவனமாய் இரு.

ஞாயிற்றுக்கிழமை பெர்சனல் ஆபீசர் பத்மநாபன் அவரைக் கூப்பிட்டார். நாகர்கோயில்காரர், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்.

"நவரத்தினம், ஒரு விஷயம் எங் காதுக்கு வந்துது. உண்மையா பொய்யான்னு நான் கேக்கப் போறதில்ல. நீரும் சொல்லாண்டாம். ஆனா ஒண்ணு. உம்ம பதிவேட்ட வச்சுத்தான் நாம பெரிய கம்பெனிக்கு பில்லு போடுகோம். அதுல ஒரு பேரு பொய்யின்னா எல்லாப் பேரும் பொய்யின்னு ஆயிரும். வெளங்குதா?"

"விளங்குது."

"அந்தப் பயலுக்கு என்ன, கொஞ்ச நாள் உள்ள வைப்பான், நாலு சாட்டையடி குடுப்பான், ஊருக்கு ஏத்துவான். நீரு ஊருக்குப் போனா என்ன ஆகும்னு யோசியும்."

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அக்கறையாகச் சொல்லப்படுகிற அயோக்கியத்தனத்துக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். நவரத்தினம் சரி என்று எழுந்து வந்தார்.

திங்கட்கிழமை ரெங்கராஜ் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவன், கேபின் படியில் உட்கார்ந்து அழுதான். "அண்ணே, நான் போனா வீட்ல அஞ்சு உசுருங்க. எம் பேரை மட்டும் இழுத்துடாதீங்க. வேலு எப்படியும் தப்பிச்சுக்குவான்." எப்படித் தப்பித்துக்கொள்வான் என்று நவரத்தினம் கேட்கவில்லை. ரெங்கராஜுக்கும் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை சதக்கத்துல்லா வந்தான். காயல்பட்டினத்துக்காரன், ஓதின பிள்ளை, அரபி நன்றாகப் பேசுவான். கம்பெனியில் டிரைவர் வேலை. ஆனால் போலீஸ், ஆஸ்பத்திரி, பிணம் அடக்குகிற மையவாடி என்று எங்கே பேச்சுக்கு ஆள் வேண்டுமானாலும் அவனைத்தான் அனுப்புவார்கள். வேலுச்சாமியின் வாக்குமூலத்தை அவன்தான் மொழிபெயர்த்தான்.

"அண்ணே, அவன் கூமுட்டைண்ணே" என்றான் சதக்கத்துல்லா. "வியாழக்கிழமை மூணு மணிக்கு எங்கே இருந்தேன்னு கேக்கறாங்க. ரூமில படுத்துக் கிடந்தேன்னு சொல்றான். ரூமில யார் கூட இருந்தாங்கன்னு கேக்கறாங்க. யாருமில்லேங்கறான். நான் தமிழிலே மெதுவாச் சொன்னேன், உண்மையைச் சொல்லித் தொலைடான்னு. அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? ரெங்கராஜுக்குக் காமாலை, நவரத்தினம் அண்ணனுக்கு ஊர்ல ஆபத்து, நான் எப்படிச் சொல்றதுங்கறான். சனிக்கிழமை காஜி கோர்ட்டுல நிறுத்துறாங்கண்ணே."

நவரத்தினம் பேனாவை மூடி பையில் செருகினார். திரும்ப எடுத்தார். திறந்தார். மூடினார்.

"காலமை என்னை அங்க கூட்டிக்கொண்டு போவீரா தம்பி?" என்றார்.

கம்பெனிக்குத் தெரிந்தால் உன் வேலையும் போய்விடும் என்று அவர் எச்சரிக்கவும் செய்தார். சதக்கத்துல்லா கொஞ்ச நேரம் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, ஏழு மணிக்குத் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போலீஸ் அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், சின்ன கிளாஸில் தேநீர் கொடுத்தார். நவரத்தினம் தான் கொண்டுவந்த பதிவேட்டைத் திறந்து, சிவப்பு அடிக்கோட்டைக் காட்டி, ஆள்மாத்து வழக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். இந்த வரியில் ரெங்கராஜ் என்று இருக்கிறதே, அங்கே நின்றது வேலுச்சாமி, மூன்று பத்துக்கு நான் என் கண்ணால் பார்த்தேன் என்றார். சதக்கத்துல்லா ஒரு சொல் விடாமல் அரபியில் சொன்னான்.

அதிகாரி பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகான கையெழுத்து என்றார். பிறகு கேட்டார்:

"இது நீ எழுதினதுதானே?"

"ஓம்."

"அன்றைக்கு எழுதினது பொய் என்கிறாய். அப்படியென்றால் இன்றைக்குச் சொல்வது உண்மை என்று நான் எதை வைத்து நம்புவது? ஒரு தடவை பொய் சொன்னவன்தானே நீ. நீங்களெல்லாம் ஒருவனுக்காக ஒருவன் பொய் சொல்வீர்கள் என்று உன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாய்."

நவரத்தினத்துக்கு யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஐந்து வருடமாகக் கேம்பே சிரித்த சிரிப்பு ஒரே கேள்வியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. முகம் பார்க்காதவன் முகத்தைப் பார்க்காமலே இருக்கட்டும் என்று விட்டதற்கு இதுதான் கூலி.

ஆனாலும் அதிகாரி கெட்டவர் இல்லை. எஞ்சினியரின் மனைவி கையெழுத்துப் போட எப்படியும் வர வேண்டும், வந்ததும் இன்னொரு தடவை கேட்கிறேன், அதுவரை வெளியே உட்கார் என்றார். நவரத்தினம் நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, வழுக்கை, மடியில் பதிவேடு.

பதினொரு மணிக்கு எஞ்சினியரும் மனைவியும் வந்தார்கள். அவள் நடைவழியில் நாலடி வைத்தவள் அப்படியே நின்றாள். கணவனின் கையை இறுகப் பிடித்தாள். நவரத்தினத்தை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்:

"இவன்தான். இவனை ஏன் வெளியே விட்டு வைத்திருக்கிறார்கள்?"

அதிகாரிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்ன சொல்கிறாள் என்று சதக்கத்துல்லாவைக் கேட்டார். சதக்கத்துல்லா வாயைத் திறக்கவில்லை. எஞ்சினியர்தான் முந்திக்கொண்டார். மனைவிக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை, பயந்து போயிருக்கிறாள், இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், உள்ளே இருப்பவன்தான் திருடன் என்று அரைகுறை அரபியில் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினார். அதிகாரிக்கு இப்போது விளங்கிவிட்டது. குட்டை வழுக்கைத் தலையரைப் பார்த்தார். உள்ளே இருக்கிற நெட்டையனை நினைத்துப் பார்த்திருப்பார் போலும். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"கலாஸ், முடிந்தது" என்றார். எஞ்சினியரையும் மனைவியையும் உள்ளே கூட்டிப்போனார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். நடைவழியில் நடந்ததைப் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்துக்கூட ஏறவில்லை.

நடக்காததை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று நவரத்தினத்துக்குத் தெரியும். நடந்ததை எழுதாமல் விடுவது அதைவிடச் சுலபம் என்று அன்றைக்குத்தான் பார்த்தார். அவருக்குக் காது சூடேறியது. இவ்வளவு கோபம் தனக்குள் இருந்ததென்று அவருக்கே தெரியாது. எழுந்து, கூப்பிடாமலே அறைக்குள் போனார்.

"தம்பி, அவரிட்டச் சொல்லும். அந்த அம்மா என்னைக் காட்டினவ. அதையும் எழுதச் சொல்லும்."

சதக்கத்துல்லா அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, உங்களுக்குக் கிறுக்கா? எழுதினா உங்களை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"அது எனக்குத் தெரியும். நீர் சொல்லும்."

சதக்கத்துல்லா சொன்னான். முழுதாகச் சொன்னான். அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"நான் எழுதினால் நீ குற்றவாளி. உனக்குப் புரிகிறதா?"

"இரண்டு பேரைக் காட்டினவ எண்டு எழுதினால் அவ ஒருத்தரையும் பாக்கேல்லை எண்டு விளங்கும். எழுதுங்கோ."

"வேண்டாம். வீட்டுக்குப் போ."

"அண்டைக்கு மூண்டு பத்துக்கு நான் பிழையா எழுதினனான். நீங்களும் பிழையா எழுதாதையுங்கோ. எழுதுங்கோ ஐயா."

வெள்ளைக்காரரும் மனைவியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார். இரண்டே வரி. எழுதி முடித்ததும் காவலரைக் கூப்பிட்டு நவரத்தினத்தின் பெல்ட்டையும் கண்ணாடியையும் இரண்டு பேனாக்களையும் வாங்கி வைக்கச் சொன்னார்.

அறையில் ஏற்கெனவே பதினோரு பேர் இருந்தார்கள். வேலுச்சாமி மூலையிலிருந்து எழுந்து ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் சந்தோஷப்படுவான் என்று நவரத்தினம் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏண்ணே இப்புடிப் பண்ணீக? என் ஒருத்தனோட போயிருக்குமே. எதுக்குண்ணே வந்தீக?"

நவரத்தினம் அப்போதுதான் முதல் முறையாக ஒரு மனிதனிடம் மகேசனைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வளவு, ஜீப், சாக்கு, பையில் இருந்த டிக்கெட், எல்லாவற்றையும். வேலுச்சாமி குந்தி உட்கார்ந்து கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தாளு யாருக்குத்தாண்ணே தலையாட்டுனான்?" என்றான்.

"தெரியேல்லை. எனக்காயும் இருக்கலாம்."

வேலுச்சாமி தன் போர்வையில் பாதியை அவர் பக்கம் தள்ளினான்.

பத்தொன்பது நாள். சனிக்கிழமை வந்து போனது, காஜி முன்னால் யாரையும் நிறுத்தவில்லை. ஒரே ஆள் இரண்டு பேரைக் காட்டிய வழக்கை எடுத்துக்கொண்டு எங்கே போவது? அதைத் தள்ளவும் அவர்களுக்கு மனமில்லை. தள்ளினால் வெள்ளைக்காரி சொன்னது தப்பு என்று ஆகும். எஞ்சினியர் குடும்பம் இதற்கிடையே லீவில் போய்விட்டது. கம்பெனி குறுக்கே வந்து, இந்த ஆட்களை நாங்களே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்றது. ஃபைலை மூடினார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, குற்றமில்லை என்றும் சொல்லவில்லை. கைச்செயினை எடுத்தவன் யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அதைத் தேடின மாதிரியும் தெரியவில்லை.

மூன்று பேருக்கு ஃபைனல் எக்ஸிட். ரெங்கராஜ் முதலிலேயே போய்விட்டான். போகிற அன்று கேபின் வாசலில் நின்று, "ஒருத்தனைக் காப்பாத்தறேன்னு எம் புள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டான் அந்தச் சிலோன்காரன்" என்று மண்ணை வாரித் தூற்றினானாம். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சதக்கத்துல்லாவை டிரைவர் வேலையிலிருந்து தூக்கி லோடிங்குக்குப் போட்டார்கள். பத்மநாபன் நவரத்தினத்தின் கடிதத்தில் காரணம் எழுதினார்: பதிவேட்டில் பொய் எழுதியதால் நீக்கப்படுகிறார். அந்த வழக்கு முழுவதிலும் கம்பெனி எழுதிய சுத்தமான உண்மை அது ஒன்றுதான்.

நவரத்தினம் அதற்குப் பிறகு அளவெட்டிக்குப் போய் வாழவில்லை. கொழும்பில் இறங்கிய அன்றைக்கே, யாழ்ப்பாணத்து ஆள், சவூதியிலிருந்து துரத்தப்பட்டவன் என்று இரண்டு இரவு வைத்து விசாரித்தார்கள். பிறகு வத்தளையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் திருத்தி இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகேசன் திரும்பி வரவில்லை. அச்சகத்துப் பையன்கள் சொல்வார்கள், நவரத்தினம் ஐயா ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடமாட்டார், முதலாளியே விடச் சொன்னாலும் விடமாட்டார் என்று.

ஆனால் அவரைப் பற்றி நினைக்கும்போது என் கண்முன் வருவது அச்சகமில்லை, தஹ்ரான் விமான நிலையம். அவரையும் வேலுச்சாமியையும் ஒரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட வந்த கம்பெனி ஆள் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்தான். படத்தைப் பார்த்தான், முகங்களைப் பார்த்தான், தமாம், சரி என்று கொடுத்தான். நவரத்தினத்தின் கையில் வேலுச்சாமியுடையது இருந்தது, வேலுச்சாமியின் கையில் நவரத்தினத்துடையது இருந்தது. இருவரும் மாற்றிக்கொண்டார்கள். முன்பென்றால் வேலுச்சாமி இதை வைத்து ஒரு வாரம் நாடகம் போட்டிருப்பான்.

அவன் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினான். எழுதப் படிக்கத் தெரியாதவன், ஆனாலும் திருப்பினான்.

"அண்ணே, இதுல எங்குனயாச்சும் நான் களவாங்கலைன்னு போட்டிருக்கா?"

நவரத்தினம் வாங்கிப் பார்த்தார். போகலாம், திரும்பி வரக்கூடாது என்ற முத்திரை மட்டும் இருந்தது.

"இல்லை."

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சாம்ணே. லீவுல போனவன் சொல்லிட்டானாம். களவாணிப் பட்டத்தோட எப்புடிண்ணே பஸ்ஸை விட்டு எறங்குவேன்?"

நவரத்தினம் பையைத் தடவினார். போலீஸில் நீலப் பேனாவைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், சிவப்பு தொலைந்துபோயிருந்தது. தன்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பெட்டி மேல் வைத்து, அச்சுப் போன்ற கையெழுத்தில், தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதினார்: பிப்ரவரி மாதம் பதினாலாம் திகதி வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு வேலுச்சாமி என்பவர் சைட்டில் பைப் வேலையில் நின்றார். என் கண்ணால் கண்டேன். நவரத்தினம், டைம்கீப்பர்.

எழுதினதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். ஐந்து வருடத்தில் நின்ற ஆளின் பேரையே எழுதிய ஆள்மாத்து வரி அது ஒன்றுதான். வேலுச்சாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். எதையோ தேடுவது போல முன்னும் பின்னும் திருப்பினான்.

"நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஆனா சீல் இல்லையேண்ணே. சீல் இல்லாம நம்ம சொன்னா நம்புவாகளா?"